ஒல்லித் தண்டு

ஊரில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பால்காரர் தலை மறைந்ததும் பாலை முகர்ந்து பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்ப்பாள். நல்ல சேதி எதையும் கைக்கு வரும்வரை நம்பமாட்டாள், பிறரிடம் சொல்லவும் மாட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே! ஏரியைக் காக்கிறவளுக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது.

வெங்காயத் தாமரை எங்கே தலைகாட்டினாலும் கண்டுபிடிப்பது அவள் வேலை. ஊதாப் பூ, மேலிதழில் ஒரு மஞ்சள் பொட்டு. அழகில் மயங்கி யாரோ கொண்டுவந்து விட்டார்கள். மகராசி இரண்டே வருடத்தில் ஏரி முழுக்கப் பாய் விரித்துவிட்டாள். அடியில் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. பிறகு செடி வாரும் படகு வந்தது. அதை ஓட்டியவன் அவள் தம்பி.

அம்மா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. எந்த வேலையிலும் ஒட்டாமல் ஊர் சுற்றியவன், இந்தப் படகில்தான் உருப்படியாக நின்றான். உலகத்தையே சந்தேகப்பட்டவள் அவனை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

இப்போது ஏரியில் தண்ணீர் தெரிந்தது. சுத்தமாகிவிட்டது என்று அவள் எழுதிக் கொடுத்தால் படகு வேறு ஊருக்குப் போய்விடும். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் மதகுப் பக்கம் புதிதாக நாலு செடி மிதந்தது. மேலதிகாரி பொறுமை இழந்துவிட்டார்.

"இன்னொரு தடவை செடி வந்துச்சுன்னா உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுருவேன். கண்ணை எங்க வச்சிருக்கீங்க?"

அவள் நேரே வண்ணமீன் கடைக்குப் போனாள். தொட்டிச் செடி விற்கிறவர் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு கண்.

"நீங்கதானே விக்காத செடியைக் கொண்டுபோய் ஏரியில கொட்டுறீங்க?"

"தாயே, நீ போட்ட சத்தத்துல அந்தச் செடியைத் தொட்டே வருஷமாச்சு. வேணும்னா ஒவ்வொரு தொட்டியா கவுத்துப் பாரு. மீனுக்கு மட்டும் நீ பதில் சொல்லு."

பார்த்தாள். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து, பிடுங்கிவந்த செடியைச் சமையலறைத் தரையில் போட்டு உட்கார்ந்தாள். கறுத்த, இறகு போன்ற வேர். வெங்காயத் தாமரைதான், அதில் சந்தேகமில்லை. தண்டுதான் உறுத்தியது. தாராளமாக இடம் கிடைத்து மிதந்து வளரும் செடிக்குத் தண்டு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். கூட்டத்தில் நெருக்கியடித்து வளர்ந்தால்தான் உப்பாமல் நெடுநெடுவென்று போகும். இது ஒல்லித் தண்டு. அப்படியானால் இது மதகில் முளைத்ததே அல்ல, வேறெங்கோ கூட்டத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து போட்டது.

கூட்டம் மிச்சமிருப்பது ஒரே இடத்தில்தான். படகுக் கொட்டகைக்குப் பின்னால், வாரிய செடிகளைக் கொட்டும் பள்ளத்தில் மழைநீர் தேங்கிச் செழித்துக் கிடந்தது. கொட்டகை வழியாகத்தான் அங்கே போக முடியும்; அதன் சாவி தம்பியிடம் மட்டும்தான்.

தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கண்தான் தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை மதகுக்குப் பக்கத்தில் கோரைப் புல்லுக்குள் நின்றாள். படகு வந்தது, வேகம் குறைந்தது. தம்பி இருக்கைக்கு அடியிலிருந்து ஈரச் சாக்கை இழுத்து அவிழ்த்தான்.

"டேய்!"

சாக்கு நழுவித் தண்ணீரில் கொட்டியது.

"என் வேலையிலயே கை வச்சுட்டியேடா!"

"உன்னை வேலையை விட்டு யாரு அனுப்புவாங்கக்கா? இந்தச் செடியை உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?" அவன் இயந்திரத்தை அணைத்தான். "ஏரி சுத்தமாயிட்டா படகு போயிரும். அதுக்கப்புறம் நான் எங்க போவேன்? மறுபடியும் உன் வீட்டு மூலையில உக்காரவா?"

கோபத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது அவளுக்கு.

"மடையா! சேத்துக்குள்ள இதோட விதை வருஷக்கணக்கா உறங்கும்டா. செடி போனாலும் தினம் சுத்தி வந்து பாக்க ஒரு ஆள் வேணும். அதுக்கு உன் பேரைத்தான் சொல்லியிருந்தேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

அவன் முகம் வெளிறிப்போனது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உத்தரவு கைக்கு வரட்டும்னு இருந்தேன்."

சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவன் தண்ணீரில் மிதந்த சாக்கை எட்டி எடுத்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"இப்ப அந்த வேலை?"

"பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கச் சொல்றியா? ஆபீஸ்ல நான் மறைக்க மாட்டேன்டா."

"தெரியும்க்கா."

அவன் இடுப்பளவு நீரில் இறங்கிச் செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டான். எதையும் விடவில்லை. கரையில் நின்றவள், அவன் பொறுக்கி முடிக்கும்வரை அவன் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.