மலியா டீச்சரும் குண்டுமல்லியும்

காலையில் வந்த சரக்கை மாலைக்குள் யார் தலையிலாவது கட்டியே தீர வேண்டிய தொழில் பூ வியாபாரம். துபாய் கராமாவில் ஒரு மளிகைக் கடை வாசலில் பதினாறு வருஷமாக எனக்கு இந்தப் பிழைப்பு. பத்து நிமிஷம் பூவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கறிவேப்பிலை மட்டும் வாங்கிப் போகிறவர்களைப் பற்றி, கடை வைத்திருக்கும் என் சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடைக்குத்தான் மலியா டீச்சர் வந்தார். ஹவாய் தீவுக்காரர், கணவருக்கு இங்கே வேலை. தன் தீவுக் குடும்பங்களின் ஆறு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் தன் வில்லா வீட்டில் அவர்கள் மொழி, ஆட்டம், மாலை கட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளோ கொட்டாவியைக்கூட இங்கிலீஷில் விடும் ரகம். வருஷக் கடைசியில் ஒரு நிகழ்ச்சி வைத்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்றால் நீச்சல் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம் என்று பெற்றோர் கெடு வைத்திருந்தார்கள். டீச்சர் பேசியது இங்கிலீஷ். எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

சேராத முனை

முதல் ஆர்டர் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு. குண்டுமல்லி மொட்டில் மாலை வேண்டும், ஆனால் இரண்டு முனையையும் சேர்க்கக் கூடாது என்றார். பாவம், தொழில் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன். முனையைச் சேர்த்து, குஞ்சம் வைத்து, இழுத்தாலும் வராத முடிச்சாகப் போட்டுக் கொடுத்தேன். அரைகுறை மாலையைக் கடையிலிருந்து அனுப்பினால், மல்லிக்குப் பேர்போன நிலக்கோட்டைக்காரன் என் மானம் என்ன ஆவது?

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரம் நகத்தால் அந்த முடிச்சை அவிழ்த்தார். கர்ப்பிணி கழுத்தில் வளையமாக மாலை விழுந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று அவர்கள் பக்கம் ஒரு பயமாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குஞ்சத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துச் சொன்னார்:

"நல்லா கட்டியிருக்கீங்க அண்ணா, குழந்தை பிறந்ததும் இதே முடிச்சு வேணும்."

விரலும் ஊசியும்

ஒரு சனிக்கிழமை பூவை நானே வில்லாவுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் நீள ஊசியில் மொட்டுகளைக் குத்திக் குத்திக் கோத்துக்கொண்டிருந்தார்கள். மல்லியை ஊசியில் ஏற்றினால் எங்கள் ஊரில் கையிலேயே போடுவார்கள். பொறுக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, வெறும் விரலால் ஒரு முழம் தொடுத்துக் காட்டினேன். ஆறு பேரும் ஊசியைப் போட்டுவிட்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டீச்சரும் கைதட்டினார். பிறகு மெதுவாக என் கையிலிருந்த நாரை வாங்கிக்கொண்டார். சுருக்கென்று இருந்தது. தன் ஊர்க் கைவேலை பிள்ளைகளுக்குப் பிடிபட வேண்டுமே என்று அவர் மாதக்கணக்கில் பாடுபட, நடுவில் போய் நான் கடை விரித்திருக்கிறேன். அதையும் அவர் என் மனம் நோகாமல்தான் சொன்னார்:

"உங்க விரலோட எங்களால போட்டி போட முடியாது அண்ணா, அதனால இன்னைக்கு மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

கழற்றிய மரியாதை

அன்று வகுப்பு முடிந்ததும் நானி என்ற ஆறு வயதுப் பெண் என்னைக் குனியச் சொல்லி, தான் கோத்த மாலையைக் கழுத்தில் போட்டாள். நம் மேடைப் பழக்கம் தெரியுமல்லவா? மாலை விழுந்ததும் கழற்றி மேஜையில் வைப்பதுதான் அடக்கம். போட்டுக்கொண்டே நின்றால் திமிர். நான் கும்பிட்டு, கழற்றி, பயபக்தியோடு மேஜையில் வைத்தேன். நானியின் உதடு பிதுங்கியது. கொடுத்தவர் கண்ணெதிரே கழற்றினால் வேண்டாம் என்று தள்ளியதாக அவர்களுக்கு அர்த்தமாம். அவள் முழுசாகக் கோத்து முடித்த முதல் மாலை வேறு.

அவசரமாக எடுத்து மறுபடி போட்டுக்கொண்டேன். இந்த முறை கழற்றவே பயம். மெட்ரோவில் அத்தனை பேரும் பார்க்க அதோடுதான் கராமா வந்து இறங்கினேன். மளிகைக் கடை முதலாளி அப்பாஸ் காக்கா, கீழக்கரைக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, லீவு கேட்டுட்டுப் போனது நிக்காஹுக்கா? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல."

பெட்டி வந்த லட்சணம்

நிகழ்ச்சி அன்று, ஊரிலிருந்து பூ ஏற்றி வரும் விமான கார்கோ தாமதம். பெட்டி வந்தபோது மொட்டெல்லாம் அவிந்து பழுப்பாகிக் கிடந்தது. மாலை இல்லாமல் ஆட்டம் இல்லை. வெறுங்கையோடு வில்லா வாசலில் நின்ற அந்த நிமிஷம் என் எதிரிக்கும் வரக் கூடாது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எதிர் வில்லாவில் ப்ளுமேரியா மரம் (நம் ஊர் ஈழத்தலரி) இருக்கிறதே என்றாள் நானி. ஆறு பேரும் ஓடினார்கள். ஆளுக்கொரு கூடையோடு பின்னால் நானும், நீச்சல் வகுப்பு யோசனையை முதலில் கிளப்பிய நானியின் அப்பாவும். கதவைத் திறந்த அரபுப் பெண்மணி, வேண்டிய மட்டும் பறித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பிள்ளையும் பறிக்கவில்லை. மரத்தின் முன்னால் வரிசையாக நின்று, பூப்பறிக்க அனுமதி கேட்கும் பாட்டைத் தங்கள் மொழியில் முதலிலிருந்து கடைசிவரை பாடினார்கள். டீச்சர் பக்கத்தில் இல்லை, யாரும் ஏவவும் இல்லை. நானியின் அப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் மாலைகள் தயார். எனக்குக் கிடைத்த வேலை ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது மட்டும். அதை மனசாரச் செய்தேன். ஆட்டம் முடிந்ததும் அந்த அப்பா டீச்சரிடம் போய்க் கேட்டது:

"வகுப்புல பெரியவங்களையும் சேர்த்துக்குவீங்களா? எனக்கு அந்தப் பாட்டுல பாதி மறந்துபோச்சு."

இப்போது வகுப்பில் பதினொரு பேர், எனக்குச் சனிக்கிழமை லீவு என்பதே கிடையாது, இதற்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் அந்தக் கார்கோக்காரரையும் சேர்க்க வேண்டியிருப்பதுதான் ஒரே வயிற்றெரிச்சல்.