எனக்கு வேஷம் இல்லாத படம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சினிமாவில் வேஷம் கிடைத்தது. ஓனர் வீட்டு நாய்க்குக்கூட ஒன்று கிடைத்தது.

எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் விவேக் நகரில் ஷூட்டிங்கா என்று கேட்காதீர்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எங்கள் ஹாலில், சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி என் ஓரகத்தி ஸ்டெல்லா பங்கு போட்டுக் கொடுத்த வேஷங்கள்தான். ஆனால் நிஜமான ஷூட்டிங்கில் சான்ஸ் கிடைக்காதவர்களுக்குக்கூட என்னளவுக்கு வயிறு எரிந்திருக்காது.

ஸ்டெல்லாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தன் டேவிட்டின் மனைவி. ஆனேக்கல் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம் என்று வளர்ந்தவள். டேவிட்டுக்கு இந்தப் பக்கம் வேலை மாறியதும், ஆறு மாதத்துக்கு முன்னால் இருவரும் எங்கள் மாடி ரூமுக்குக் குடிவந்தார்கள். சமையல் தனித்தனிதான். ஞாயிறு மட்டும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு.

சாப்பாடு தயாராகும்வரை டிவி. டிவியில் பழைய குடும்பப் படம். படம் முடிந்ததும் பேச்சு.

அந்தப் பேச்சில்தான் எனக்குப் பிரச்சினை.

என் கணவருக்குப் பிடித்த தமிழ்ப் படம் ஒன்று உண்டு. மர டிப்போ வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளின் கதை. ஸ்டெல்லாவுக்குப் பிடித்த கன்னடப் படம் ஒன்று உண்டு. பட்டு நூல் வியாபாரம் செய்யும் குடும்பம். இரண்டிலும் பெரிய குடும்பம் ஒன்று பாதியில் பிரியும், கடைசியில் சேரும். எங்கள் வீட்டில் இருக்கிற எல்லோரும் இரண்டையும் பலமுறை பார்த்தாயிற்று. இரண்டும் வேறு வேறு கதை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்… ஸ்டெல்லா வரும்வரை.

"மாமா, உங்க படத்துல பெரியவரு பொய் சொல்றதுக்கு முன்னாடி கண்ணாடிய கழட்டித் தொடப்பாரு இல்ல? எங்க கன்னடத்துலயும் அதே கதை, கொத்தா? தெரியுமா? அங்க கண்ணாடி இல்ல. தோள் மேல இருக்கற துண்ட எடுத்து உதறுவாரு."

"அட, ஆமாம்மா. துண்ட உதறுனாருன்னா பொய்யி," என்றார் என் கணவர்.

"ரெண்டு பேருக்கும் பொய் சும்மா வராது மாமா. கைக்கு ஒரு வேலை குடுத்தாத்தான் வரும்."

தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். சிரிப்பது அவர்தானா?

பொறாமை என்றதும் வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொறாமை இல்லை. எனக்கு அந்தப் பேச்சின் மேல்தான் பொறாமை. கல்யாணமான புதிதில் நானும் அவரும் எத்தனை படம் பார்த்திருக்கிறோம். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் "பரவால்ல" என்பார். நான் "ம்" என்பேன். பஸ் வந்துவிடும். எங்கள் சினிமா விமர்சனம் அவ்வளவுதான். இந்த மனுஷனுக்குள் ஒரு மணி நேரம் பேசும் அளவுக்குச் சினிமா இருந்திருக்கிறது. ஆனேக்கல்லிலிருந்து ஒருத்தி வந்து அதை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றாதா என்ன? தோன்றும். தோன்றியது. அந்த இரண்டு படத்திலும் இடைவேளைக்கு முன்னால் வாசல் கதவில் பூட்டையே காட்டுவதில்லை. யார் வேண்டுமானாலும் வருவார்கள், போவார்கள். குடும்பம் பிரிந்த பிறகுதான் ஒரு பெரிய பூட்டு தொங்கும். இது என் கண்ணில் பட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று வாயிலேயே வைத்திருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. வாய் திறக்கவில்லை. நாலு பேர் பேசும் இடத்தில் நடுவில் நுழைவது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவர் முடிப்பதற்காகக் காத்திருப்பேன். அதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார். பேச வராததால்தான் வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எழுதவே வந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

அதற்கடுத்த ஞாயிறு சொல்லியே தீருவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள் ஸ்டெல்லா. "இன்டர்வெல் வரைக்கும் அந்த வீட்டுக்குப் பூட்டே கெடையாது."

நான் திரும்பிச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது போன ஞாயிறுக்கு வருகிறேன்.

உள்ளே நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஹாலில் பேசுவது எல்லாமே கேட்கும். ஸ்டெல்லா புதிதாக ஒன்றைத் தொடங்கினாள். இரண்டு படமும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அப்படியானால் நம் வீட்டில் யார் யார் எந்த ஆள்?

"பெரியவரு மாமாதான். அதுல சந்தேகமே இல்ல."

"நான் இன்னா, பொய் சொன்னா கண்ணாடிய தொடைக்கிறனா?"

"இல்ல மாமா. நீங்க மூக்க சொறிவீங்க."

"கரெக்ட் அண்ணா," என்றார் டேவிட். "அன்னிக்கு மட்டன் கடையில ஒரே க்யூன்னு சொன்னியே, அப்ப சொறிஞ்ச."

"நீங்க சும்னே சிரிக்காதீங்க. நீங்கதான் ரெண்டாவது தம்பி. எத வாங்கினாலும் வீட்டுல பாதி வெலை சொல்ற ஆளு."

"நம்ம ஓனரு?"

"தாய்மாமன். மீசை இல்லன்னாலும் அந்தச் செருமல் இருக்குதே. அவரு நாய்தான் வாட்ச்மேன். வர்றவங்க போறவங்க எல்லாரையும் பாத்துக் கொலைக்கும், ராவுல தூங்கும்."

"அப்ப நீ யாரும்மா?"

"நானா? கடைசி மருமக. ரெண்டாம் பாதியில வந்து எல்லாரையும் சேத்து வெப்பேன்."

படத்திலேயே நல்ல வேஷம் அதுதான். இரண்டு பாட்டு வேறு. தானே எடுத்துக்கொண்டாள். யாரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

"பெரியக்கா?" என்றாள் ஸ்டெல்லா. "பெரியக்கா யாரு மாமா?"

பெரியக்கா என்றால் நான்தான். கரண்டியை நிறுத்தினேன். சிரிப்பீர்கள். ஐம்பதை நெருங்குகிறவள், ஒரு விளையாட்டுப் பேச்சுக்காக அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் காதை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"அவளா…" என்றார் என் கணவர். யோசித்தார். நல்ல வேளையாகக் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் யோசித்தார். "அவளுக்கு அதுல வேஷமே இல்லியேமா."

அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. நீளமாக அடித்தது. அது அடங்கியபோது ஹாலில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேச்சு டேவிட்டின் வண்டி ரிப்பேருக்குப் போய்விட்டது.

எல்லோருக்கும் பரிமாறினேன். ஸ்டெல்லா "குருமா சூப்பர்க்கா" என்றாள். அதற்குச் சிரித்தும் வைத்தேன். உள்ளே எரிந்தது எனக்கு மட்டும்தானே தெரியும்?

இந்தக் குடும்பத்துக்கு நான் வந்தபோது டேவிட் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். மாமனார் மாமியார் காலமானதும், தங்கவயலில் வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்ததும், டேவிட்டுக்குப் பெண் பார்த்ததும்… எல்லாக் காட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். கடைசியில் வேஷமே இல்லையா? நாய்க்கு இருக்கிறது. நாய்க்கு.

திங்கட்கிழமை மத்தியானம், தையல் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, இரண்டு படத்தையும் மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். எனக்கென்று ஒரு ஆளைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று ஒரு வெறி. பெரிய அண்ணி? அவர் கணீரென்று வசனம் பேசுகிறார். நானில்லை. எதிர் வீட்டு அம்மா? அவர் வம்பு அளக்கிறார். நானில்லை. தமிழ்ப் படத்தில் ஒரு சித்தி வருகிறார். சமையல்கட்டில் நின்று எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்கிறார். கேட்டதை ஹாலில் போய்ப் பற்றவைக்கிறார். அதில்தான் குடும்பமே உடைகிறது. கன்னடத்தில் அதே வேலையைச் சமையல்காரம்மா செய்கிறார்.

படத்தை நிறுத்தினேன். சமையல்கட்டில் நின்று ஒட்டுக் கேட்பது யார்? அந்த வில்லிதான் நான் என்று என் கணவர் நினைத்துவிட்டு, சொல்ல மனசில்லாமல் வேஷமே இல்லை என்று சொன்னாரோ?

அந்த யோசனையில், ஒரு வாடிக்கையாளரின் ரவிக்கைக்கு இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்க ஒரு சாயங்காலம் போயிற்று. அந்தக் கணக்கையும் ஸ்டெல்லா பேரில்தான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை இரவு சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்தபடியே கணவரிடம் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு எனக்கு வேஷமே இல்லன்னீங்களே, ஏன்?"

"இன்னா வேஷம்?"

"ஞாயித்துக்கெழம… அந்தப் படத்துல…"

"நானா சொன்னேன்?"

மூக்கைச் சொறிகிறாரா என்று பார்த்தேன். சொறியவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருக்கிறார். நான் இரண்டு படத்திலும் என்னைத் தேடி அலைந்துகொண்டிருக்கிறேன், இவர் ரசம் கேட்கிறார்.

அப்புறமும் சில நாள் தள்ளினேன். மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவேன். ஸ்டெல்லா காலையில் கொடுத்தனுப்பும் பொரியலைத் தொடவில்லை. நன்றாக இருந்தால் அதற்கும் சேர்த்து எரியுமே என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மாட்டிக்கொண்டேன். அவள் ஏற்கெனவே அங்கே நின்று பெட்ஷீட்டை உதறிக்கொண்டிருந்தாள். திரும்பி இறங்கினால் அசிங்கம். இரண்டு கொடி தள்ளி நின்று துணியைப் பிழிந்தேன். பெட்ஷீட் நடுவில் இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"ஸ்டெல்லா… அன்னிக்கு எனக்கு மட்டும் ஏன் வேஷம் இல்ல?"

பெட்ஷீட் விலகியது.

"இதுக்கா வாரம் பூரா மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தீங்க? அய்யோ தேவரே. மாமா சொன்னது கேட்டுச்சு, அதுக்கு அப்புறம் நான் சொன்னது கேக்கலியா?"

"குக்கர் விசில்…"

"நல்ல குக்கரு. இங்க பாருங்கக்கா. ரெண்டு படத்துலயும் வீடு எப்பிடிப் பிரியுது? ஒருத்தி சமையல்கட்டுல கேட்டத ஹாலுக்கு எடுத்துட்டுப் போறா. அவ்ளோதான். நீங்க எதனா எடுத்துட்டுப் போறீங்களா? இவரும் நானும் மேல சண்ட போடறது உங்களுக்குக் கேக்கும். என் கொழம்பு தண்ணின்னு மாமா உங்ககிட்ட சொல்லியிருப்பாரு, எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த என் காதுக்கு வந்துச்சா?"

சொல்லியிருந்தார். இரண்டு முறை. நான் ஏற்கெனவே பிழிந்த துணியை இன்னொரு தரம் பிழிந்தேன்.

"அதான் மாமாகிட்ட சொன்னேன். பெரியக்கா அந்த வீட்டுல இருந்தா கதையே நகராது மாமா, இன்டர்வெல்லே வராது, அப்புறம் எங்க வேஷம் குடுக்கறதுன்னு. அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சோம்." ஒரு கிளிப்பை எடுத்துப் பெட்ஷீட்டில் மாட்டினாள். "ஆய்து, முடிஞ்சுது. இப்பவாவது அந்தப் பொரியல சாப்பிடுங்க."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கலங்கவில்லை. முதலில் வந்தது என்ன தெரியுமா? அதே எரிச்சல்தான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், எனக்கு வேஷம் இல்லை என்று மட்டும் கண்டுபிடித்தார். நேற்று வந்தவள், ஏன் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறாள். நானோ இரண்டையும் கண்டுபிடிக்காமல், ஒரு ரவிக்கையைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

பேச வராதது என் குறை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பேசாததால் ஒரு வீடு பிரியாமல் நிற்கிறது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? வாரா வாரம் எழுதுகிறவள் நான்தானே? (வீட்டுக்குள் ஒரு வார்த்தையும் கடத்தாதவள், எல்லாவற்றையும் ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் யாரும் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.)

பொரியலைச் சாப்பிட்டேன். பயந்த மாதிரியே நன்றாகத்தான் இருந்தது.

இந்த வாரம் படித்ததில் ஒரு வரியாவது உங்களுக்குப் பிடித்திருந்தால், அது அந்த இன்டர்வெல் வரியாகத்தான் இருக்கும்… அதுவும் அவளுடையதுதான்.