ஊரே ஓட்டுப் போட்ட கல்யாணம்

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். என் கல்யாண முகூர்த்தமோ ராத்திரி ஏழரைக்கு. மாப்பிள்ளை வீட்டார் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து லோரியில் வரவேண்டும்; வேலை முடித்துக் கிளம்பினால் ஆறு மணிக்குள் வந்து சேர முடியாது. நேரத்தை மாற்றப் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் பார்த்துச் சீமையிலிருந்து ஒரு துரை வந்தார். மக்களாட்சியையும் மனித உரிமையையும் உலகமெல்லாம் கொண்டுசேர்ப்பதுதான் தங்கள் அரசாங்கத்தின் கொள்கை என்றார். அதைத் தமிழில் சொன்ன, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, முள்வேலிப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். ஓட்டுப் போட்டுப் பழகுங்கள், எதைப் பற்றி வேண்டுமானாலும் போடுங்கள், முடிவுப்படி நடக்கும் என்று துரை வாயை விட்டார். விடுவோமா? கல்யாணத்தன்று கதவை ஒன்பது மணிவரை திறந்துவைக்க ஓட்டுப் போடலாம் என்று அப்பா எழுந்து சொல்லிவிட்டார்.

சீட்டில் பச்சைக் கட்டம் திறக்க, சிவப்புக் கட்டம் பூட்ட. வேண்டிய கட்டத்தில் பெருக்கல் குறி போடவேண்டும். நாங்கள் குடியிருந்த லயமே திரண்டு வந்து போட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எண்ணும்போதுதான் வந்தது வினை. எங்கள் சீட்டுகளில் பச்சைக் கட்டத்தில் ஒரே ஒரு சாய்ந்த கோடு. ரப்பர்ப் பால் வடிய பால்மரத்தில் கத்தியை இழுப்போமே, அதே சாய்வு. பென்சிலைப் பிடித்ததும் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. பெருக்கல் குறி போட்டவர்கள் தோட்டத்து மானேஜரும் இரண்டு காவல்காரர்களும்தான், மூன்றும் சிவப்பு. கோடு போட்டதெல்லாம் செல்லாது, கதவைப் பூட்டுவதாக முடிவு என்றார் துரை.

எனக்கு வந்ததே கோபம்! கல்யாணப்பெண் என்ற வெட்கமெல்லாம் எங்கே போனதோ, எழுந்து நின்றுவிட்டேன்.

“தொரை, எங்க கை இந்த ஒரு கோடுதான் போடும். தெனமும் மரத்துல போடுறோம், அந்தப் பாலு உங்க சீமைக்குப் போவுது. அங்க செல்லுற கோடு இங்க மட்டும் செல்லாதா?”

கிராணி மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். துரையின் முகம் சிவந்தது; பிறகு வாய்விட்டுச் சிரித்தார். செல்லும் என்றார். எங்கள் ஜனம் போட்ட கூச்சலில் கிராணியும் சேர்ந்துகொண்டார்.

கல்யாணத்தன்று ஏழு மணிக்கு லோரி வந்தது. காவல்காரர்கள் சீர்த்தட்டைக்கூடக் கிளறிப் பார்த்தார்கள். கடைசியாக, சோதனைக்காக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை இறங்கினார். மாலையும் கையுமாக நின்று நான் சிரித்த சிரிப்பில் கண்மை கரைந்துவிட்டது.

“ஊரே ஓட்டுப் போட்டுப் புடிச்சுக் குடுத்த மாப்பிள்ளை, பத்திரமா வச்சுக்க லா” என்றாள் அக்கா.

மறுநாள் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினார்கள். அதற்கு எங்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.