வடக்கே வெட்டிய குழி

கண்டி மலையில், ஹந்தானைக்கு அப்பால் ஒரு கோப்பித் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை வேதக்கோயில் கட்டினார். தன் ஊர்க் கோயிலைப் போலவே இருக்க வேண்டும் என்று படம் வரவழைத்திருந்தார். குட்டையான சதுரக் கோபுரம், கனத்த கற்சுவர், ஒடுங்கிய சன்னல்கள். கூரை மிகச் சரிவு. அந்த ஊரில் பனி கொட்டுமாம், தங்காமல் வழுக்கிப் போக வேண்டுமாம். இங்கே மழைதான் வழுக்கியது. பீடம் கிழக்கே, வாசல் தெற்கே.

பழனியாண்டி இரண்டு வருடம் அதற்குக் கல் சுமந்தான். கோபுரத்தின் கடைசி வரிசையில் ஒரு கல் நழுவி அவன் முழங்காலில் விழுந்தது. பிறகு மலை ஏற முடியவில்லை. கோயிலைக் கூட்டவும் புல் வெட்டவும் குழி தோண்டவும் வைத்துக்கொண்டார்கள். அதுவும் போனால் தோட்டக் கணக்கிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். ஊர் திரும்ப மாத்தளை தாண்டிக் காட்டு வழியே மன்னாருக்கு நடக்க வேண்டும். வரும்போது அவனோடு நடந்த முப்பது பேரில் பதினொரு பேர் அந்த வழியிலேயே கிடந்துவிட்டார்கள். அப்போது அவனுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன.

ஆனி மாதம் துரையின் ஐந்து மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்தது. வீரையா கங்காணி வந்து, "பன்னண்டு மணிக்குள்ள குழி வெட்டிரு. கண்டியிலேருந்து பாதிரியாரு வர்றாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

முன்பு புதைத்த நாலு துரைமாரும் தெற்கே கிடந்தார்கள். அப்போதெல்லாம் யாராவது நின்று இடம் காட்டினார்கள். தெற்கு எமனுடைய திசை. பெரிய ஆட்கள் கிடக்கலாம், பச்சைப் பிள்ளையை எப்படிப் போடுவது? ஆனியில் கோயிலின் நிழலும் தெற்கேதான் விழுந்தது. வடக்கே வெயில் பட்டது. பழனியாண்டி வடக்கே வெட்டினான். இரண்டடிக்குக் கீழே பாறை. அலவாங்குக் கம்பியால் குத்திக் குத்திப் பெயர்த்தான்.

பாதிரியார் குதிரையிலிருந்து இறங்கிக் குழியைப் பார்த்தார். துரையிடம் மெதுவாக ஏதோ சொன்னார். துரையின் முகம் இறுகியது.

"யாருடா ஒன்ன இங்க வெட்டச் சொன்னது?" என்றார் கங்காணி.

"யாரும் சொல்லலீங்க. அது எமன் பக்கமுங்க. பச்சப் புள்ளைங்க."

"அட பாவி. அவுங்க ஊருல வடக்குப் பக்கம் தூக்கு மாட்டிக்கிட்டவனுக்காம். ஞானஸ்நானம் இல்லாம செத்ததுக்காம். இந்தப் புள்ளைக்குத் தலையில தண்ணி ஊத்தியாச்சு."

"எனக்கு யாருங்க அதச் சொன்னா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும். வேணுமின்னே செஞ்சியான்னு துரை கேக்குறாரு. எமனுக்கு இங்கிலீசுல பேரு நான் எங்க போயித் தேட?"

கங்காணி தனக்குத் தெரிந்த இங்கிலீசில் தெற்கைக் காட்டினார், எமன் கயிறு போடுவது போலக் கழுத்தை நெரித்துக் காட்டினார், தலையை ஆட்டினார். துரை கேட்டுக்கொண்டு நின்றார். பழனியாண்டியைப் பார்க்கவில்லை. தெற்கே கையை நீட்டினார்.

தூறல் தொடங்கியது. சின்னப் பெட்டி வாசல் மண்டபத்தில் காத்திருந்தது. பழனியாண்டிக்குக் கால் மடங்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்தபடி தெற்கே வேறு குழி வெட்டினான்.

எல்லோரும் போன பிறகு கங்காணி திரும்பி வந்தார்.

"பேர வெட்டிட்டாங்களா?" என்றான் பழனியாண்டி.

"வடக்குக் குழிய மூடு. நாளைக்குப் புல்லு வெட்டணுமாம்."

"துரை வேற ஒண்ணும் சொல்லலீங்களா?"

"இத்தன போதாதா ஒனக்கு?"

பழனியாண்டி மண்வெட்டியை ஊன்றிக் கோயிலைச் சுற்றி வடக்கே போனான். மழையில் பாதி மண் தானாகவே குழிக்குள் சரிந்திருந்தது. மீதியைத் தள்ளத் தொடங்கினான்.