அக்கா பக்கத்து பிரேக்

பிரேக் அக்காவின் கால் சும்மா இருக்காது. பேருந்தில் போனால் முன்சீட்டுக்காரரின் செருப்பு மிதிபடும். சாப்பிடும்போது யாராவது தம்ளரை மேசை விளிம்புக்குத் தள்ளினால், கீழே டொக்கென்று சத்தம் கேட்கும். பத்தொன்பது வருடமாக ஓட்டுநர் பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்களின் உயிரைத் தன் பக்கமிருக்கும் இரண்டாவது பிரேக்கால் காப்பாற்றி வருகிறவர். காப்பாற்றப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. மூன்று தடவை கோட்டைவிட்டு நாலாவது தடவைதான் தேறினேன். "உன்னை ஓட்ட வச்சதுக்கு எனக்குத்தான்டி லைசென்ஸ் குடுக்கணும்" என்று இன்றும் போகிற வருகிறவர்களிடம் சொல்லி மானத்தை வாங்குவார். அவர் வீட்டு மாடியிலேயே நான் குடியிருப்பதால் தப்பிக்கவும் வழியில்லை.

மெதுவாகப் போனால் "என்ன, ஊர்வலமா?" என்பார். வேகமாகப் போனால் "யாரு துரத்துறா?" கண்ணாடியைப் பார்க்க மறந்தால் "பின்னாடி உலகமே இல்லன்னு முடிவு பண்ணிட்டியா?"

அக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன். மின்கம்பியை அநாயாசமாகத் தொடுவார். ஸ்டியரிங்கைத் தொடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அக்காவின் தீராத ஏக்கமே அதுதான். "ஊருக்கெல்லாம் கத்துக் குடுத்தாச்சு, வீட்டுல ஒருத்தர் மசியல. இந்த மனுஷன் ஓட்டணும், நான் பக்கத்துல உட்காந்து வாயைப் பொளந்துகிட்டு தூங்கணும். வேற என்னத்தக் கேட்டேன்?" ஓடுகிற வண்டியில் அக்கா தூங்கியதே கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்பு அக்காவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. பித்தப்பையில் கல் என்றார்கள். சின்னச் சின்னத் துளை போட்டுப் பையையே எடுத்துவிட்டு, கற்களை ஒரு குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். குப்பியைக் காரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டுவார். "பாரு, ஏழு கல்லு. எல்லாம் உங்களால வந்தது." கற்களைக் கேட்டு வாங்கிய மகராசி, எடுத்த பையைச் சோதித்த ரிப்போர்ட்டை வாங்க மறந்துவிட்டார். கல் போயிற்று, கதை முடிந்தது என்று நினைப்பு. அது ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரம் கிடந்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டபோது நானும் துணைக்குப் போனேன். பையின் சுவரில் புற்றுநோய். பையை எடுத்த டாக்டரம்மா ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"சுவர்ல இருக்குற தசை வரைக்கும் போயிருக்கு, தாண்டல. ஸ்கேன்லயும் வேற எங்கயும் ஒண்ணும் தெரியல. இவ்வளவு சீக்கிரம் இது கண்ல படறதே அபூர்வம்மா. இப்படியே விட்டுட்டு அடிக்கடி ஸ்கேன் பண்ணிப் பாக்கலாம். இல்லன்னா திரும்ப வயித்தைத் திறந்து, பை ஒட்டியிருந்த இடத்துல கல்லீரல்ல கொஞ்சம், சுத்தியிருக்குற நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கலாம். பெரிய ஆபரேஷன்தான். ஆனா ரொம்ப வருஷம் நல்லா இருக்க அதுலதான் வாய்ப்பு கூட. நான் அதைத்தான் சொல்லுவேன்."

"நிச்சயமா பொழைச்சுக்குவேனா?"

"நிச்சயம்னு எழுதித் தர முடியாது. நம்பிக்கையா சொல்ல முடியும்."

மேசைக்கடியில் அக்காவின் கால் தரையை மிதித்தது. எழுந்திருக்கும்வரை எடுக்கவில்லை.

ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று பத்து நாள் ஒரே பிடிவாதம். குப்பி அலமாரிக்குள் போய்விட்டது. "மயக்க ஊசி போட்டுட்டா நான் எங்கடி மிதிக்கிறது?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "நாப்பத்தெட்டு வயசு ஒரு வயசா? இன்னும் இருக்கணும்டி எனக்கு."

பதினோராம் நாள் காலை வாசலில் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால், அக்காவின் பயிற்சிக் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எலக்ட்ரீஷியன்! சட்டைப்பையிலிருந்து புது லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

"கல்லு வலியில நீ சுருண்டு கெடந்தப்போ வண்டி வாசல்லயே நின்னுச்சு. எனக்கு ஓட்டத் தெரியல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"பின்தெரு பயிற்சிப் பள்ளியில."

"அடப்பாவி மனுஷா! எதிரிகிட்டயா?"

"உன்கிட்ட கத்துக்கிட்டா திட்டு வாங்கியே செத்துருவேன்" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடி, "ஆபரேஷனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். சரின்னு சொல்லு" என்றார். அக்கா வெகுநேரம் அந்த லைசென்ஸையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுத் தேதி கேட்டார்.

நாளைக்கு ஆபரேஷன். இன்று காலை பயிற்சிக் காரிலேயே ஆஸ்பத்திரியில் சேரக் கிளம்பினோம். அவர் ஓட்ட, அக்கா வழக்கமான இடத்தில், நான் பின்சீட்டில் பையும் ஃபிளாஸ்க்குமாக. முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவர் மிதிப்பதற்குள் அக்கா மிதித்துவிட்டார். வண்டி குலுங்கி நின்றது.

"நானும் பாத்தேன்மா" என்றார் அவர் மெல்ல.

அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.