பூங்காவில் மிஞ்சிய சுவர்

சீனத்தும்மா தினமும் பின்னேரம் பூங்காவுக்குப் போவாள். கல்முனைக்கு மேற்கே, வெள்ளைக்காரன் காலத்து அரிசி ஆலையொன்று எழுபத்தெட்டுச் சூறாவளியில் இடிந்துபோனது. பக்கத்து அணைக்கட்டிலிருந்து அருவியாகக் கொட்டும் தண்ணீரையும் அந்த இடிபாட்டையும் சேர்த்துப் பூங்கா ஆக்கியிருந்தார்கள். சனம் அருவி பார்க்க வந்தது. அவள் செங்கல்லுக்காக வந்தாள்.

புருஷன் மௌத்தாகி மூன்று வருஷம். வீட்டில் மூன்று குமர்கள். பெண்ணோடு வீடும் கேட்காத மாப்பிள்ளை இந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. மூத்தவளுக்குக் கட்டும் வீடோ ஜன்னல் மட்டத்தில் நின்றுவிட்டது. நோன்புப் பெருநாளுக்குள் முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அதனால் பொழுதுபோக்க வருகிறவள் போல ஓலைப்பெட்டியோடு வந்து, ஐந்தாறு கல்லை அடுக்கி, மேலே சீலையைப் போர்த்தி, கழுத்து ஒடியச் சுமந்து போவாள்.

அன்றைக்குக் காவல்காரர் கணபதிப்பிள்ளை பின்னால் வந்து நின்றார். அவள் பெட்டியின் மேல் சீலையை இழுத்து மூடினாள்.

"அண்ணன், அல்லாவுக்காகப் பொலிசில சொல்லிப்போடாதீங்க. வீட்டில மூணு குமர் இருக்கு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு நாலு, ராத்தா. இந்தச் சுவர் என்ட மூத்தவள்ர வீட்டுக்கு. நீங்க அந்தப் பக்கத்தால எடுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தைப் போன மாதமே அவள் எடுத்து முடித்திருந்தாள்.