கிழக்குக் கரையில் ஆறு கோடுகள்

நெய்வேலியில் எதுவும் தானாக முளைத்ததில்லை. சாலை, சாக்கடை, பள்ளிக்கூடம், ஏன், வேப்பமரங்கள்கூட முதலில் காகிதத்தில் வந்து பிறகுதான் தரையில் இறங்கின. அந்தக் காகிதங்களை வரைகிற அலுவலகத்தில் என் அப்பாவுக்கு வேலை. ஆகவே இந்த ஊரைச் செய்தது என் அப்பாதான் என்று ஒன்பது வயதுவரை நான் சந்தேகமில்லாமல் நம்பினேன். ஒருமுறை வகுப்பில் அப்படிச் சொல்லியும்விட்டேன். சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவர்களின் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவரவர் அப்பாதான் ஊரை நடத்துகிறார் என்று அவரவருக்கு நினைப்பு.

உண்மையில் அப்பா ட்ரேசர். பெரியவர்கள் பென்சிலில் வரைந்து தரும் படத்தின்மேல் ட்ரேசிங் தாளை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை அப்படியே கறுப்பு மையில் எடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு புள்ளி வைக்கவும் அவருக்கு அதிகாரம் கிடையாது. மை சிந்தினாலோ கோடு தவறினாலோ அழிக்க ரப்பர் உதவாது. பாதி பிளேடின் மூலையை வைத்து, தாள் கிழியாமல், மையை மட்டும் மெதுவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். வேலை குவிந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் தாளை உருட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். அப்போது சுரண்டுகிற வேலை மகளான எனக்கு. எனக்குச் சின்னக் கை, நடுக்கமும் இல்லை. அவர் பக்கத்தில் இல்லாதபோது பிளேடைத் தொடக்கூடாது என்பது கட்டளை. எது பிழை என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு விதிதான் இருந்தது. அடியில் பென்சில் கோடு இல்லாமல் மேலே மை இருந்தால் அது பிழை.

அந்த வருஷம் ஏரிக்கரையையும் மெயின் பஜாரையும் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஏரி என்று நாங்கள் சொன்னது சுரங்கத்திலிருந்து இரவுபகலாக இறைத்துக் கொட்டும் தண்ணீர் வந்து தேங்கிய இடம். மழையே இல்லாத வருஷத்திலும் அது நிறைந்து கிடக்கும். அதைச் சுற்றி நடைபாதை, சிமெண்டு பெஞ்சுகள், விளக்குக் கம்பங்கள், இரண்டு படகுகள் எல்லாம் வரப்போவதாகச் சொன்னார்கள். பஜாரில் சாக்கை விரித்துக் காய்கறி விற்பவர்களுக்கு நம்பர் போட்ட சிமெண்டு மேடை கட்டித் தருவார்களாம். படகில் முன்பக்கம் யார் உட்காருவது என்று எங்கள் வகுப்பில் அப்போதே சண்டை நடந்து, இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள்.

அம்மா தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அவளுக்குத் தண்ணீர்க் கஷ்டம் என்று ஒன்று இருந்ததேயில்லை. குவார்ட்டர்ஸ் குழாயில் காலையிலும் மாலையிலும் கொட்டும். ஆனால் குழாய்த் தண்ணீரில் குளித்தால் குளித்த மாதிரியே இல்லை என்பாள். சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்ததும் கொல்லையில் துணி துவைக்கும் சிமெண்டுத் தொட்டியை நிரப்பி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும். அம்மா கால் நனைத்தாளா என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஐஸ் வாங்கக் காசு கேட்பேன்.

ஏரிப் படம் முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, படித்துறை எங்க போட்டிருக்கு?"

"படித்துறை எல்லாம் கிடையாது. சுத்திலும் கம்பி வேலி."

"தண்ணிய வேலி வச்சு அடைச்சுட்டு, வெளிய நின்னு பாத்துட்டு வரணுமாக்கும்? அதுக்குக் காலண்டர்ல பாத்தாப் போதும்லா."

"நான் என்ன ஆபீசரா? அவங்க வரைஞ்சு தாரதுக்கு நான் மை போடுதேன். அவ்வளவுதான்."

"நாலஞ்சு படி. காலை நனைக்க ஒரு இடம். அதுகூடவா ஒருத்தருக்கும் தோணல?"

எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மாள் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வருகிறவர். வேலி விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது. மறுநாள் காலையில் பாலை அளந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்: "இத்தினி வருசமா எங்க வூட்டு மாடு அங்கதாம்மா தண்ணி குடிச்சிக்கினு இருக்குது. உங்க வூட்டு அய்யாதான வரையறாரு? எறங்கறதுக்கு ஒரு எடம் வுடச் சொல்லுங்கம்மா."

அம்மா மறுபடி கேட்டாள். அப்பா எரிந்து விழுந்தார். வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறாயா என்றார். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்கும் மேல் தொட்டிப் பக்கமும் போகவில்லை. ஐஸ் வாங்கக் காசு கேட்க வழியில்லாமல் போனதால் இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு படத்தை முடித்தாக வேண்டும். ஊர்க்காரர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதற்காகக் கிளப் ஹாலில் அதன் பிரதியை மாட்டப் போகிறார்கள். அப்பா காலையிலிருந்து தரையில் மண்டியிட்டு வரைந்தார். மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, சட்டமாகப் பாயில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தாளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எவ்வளவு அழகான படம்! பெஞ்சுகள், மரங்கள், படகுகள், எல்லாம் இருந்தன. கிழக்குக் கரையில் மட்டும் வேலிக்கோடு கொஞ்சம் விட்டுப் போயிருந்தது. அந்த இடைவெளியில் தண்ணீருக்குள் இறங்குவதுபோல், ஒன்றன்கீழ் ஒன்றாக, அரிசி நீளத்தில் ஆறு சிறிய கோடுகள்.

தாளை லேசாகத் தூக்கி அடியில் பார்த்தேன். பென்சில் படத்தில் அங்கே கோடுகள் இல்லை. வேலி முழுசாக ஓடியிருந்தது.

அப்பா தவறு செய்திருக்கிறார்! இதோடு தாள் ஆபீஸுக்குப் போனால் அவரைத் திட்டமாட்டார்களா? எழுப்பலாம் என்று பார்த்தேன். அசந்து தூங்குகிற முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாதி பிளேடை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக, ஆறையும், தாளுக்கு வலிக்காமல் சுரண்டினேன். நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். பேனாவை மையில் தொட்டு, விட்டுப்போன வேலியையும் அடியில் இருந்தபடியே இழுத்துச் சேர்த்தேன். தூளை ஊதிவிட்டு, பிளேடை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தொடக்கூடாததைத் தொட்டுவிட்டதால் சொல்லவில்லை. அப்பா எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே தாளை உருட்டி, படம் வைக்கிற தகரக் குழாயில் போட்டார்.

கிளப் ஹாலுக்குப் போகிற அன்று அம்மா விசேஷத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். சைக்கிளில் முன்கம்பியில் நான், பின்னால் அவள். வழி நெடுக அப்பா சீட்டியடித்தார். ஹால் வாசலில் அவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "கிழக்குக் கரையில பாரு. யார்ட்டயும் சொல்லிராத" என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே பெரிய அதிகாரி குச்சியை வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். கருத்து எழுத ஒரு நோட்டும், நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. எல்லோரும் 'அருமை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அம்மா படத்தின் கிழக்குப் பக்கம் போய் நின்றாள். விரலால் கரையைத் தொட்டுக்கொண்டே மேலே போனாள், கீழே வந்தாள். மறுபடியும் மேலே போனாள். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகு நேரமாயிற்று.

திரும்பும்போது சீட்டி இல்லை. பின்னால் பேச்சும் இல்லை. என்னை யாரும் டீ பிஸ்கட் சாப்பிட விடவில்லையே என்பதுதான் அப்போது என் வருத்தம்.

பின்னர் ஏரியைச் சுற்றி நடைபாதையும் பெஞ்சும் வேலியும் வந்தன. படத்தில் இருந்த எல்லாமே வந்தன. அந்த ஊர் அப்படி. தாளில் இருந்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் கட்டிவிடுவார்கள். பால்கார அம்மாளின் மாடு சுற்றிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனதால் எங்கள் காலைக் காப்பி அரைமணி தள்ளிப்போனது. பலாப்பழக் காலம் வந்ததும் அப்பா ஒரு பெரிய பழத்தைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் அதிகாரி வீட்டில் கொடுத்தார். கோடுகளைக் கண்டுபிடித்து அழித்தும், தன்னைக் காட்டிக்கொடுக்காத நல்ல மனுஷர் அவர் என்று அப்பாவின் எண்ணம். அதிகாரிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த ஊரில் இருந்தவரை அப்பா அதன்பின் தானாக ஒரு கோடும் போடவில்லை. எனக்கு விஷயம் புரிந்த வயதில், சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இருவரும் இல்லாத வீட்டில் இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் ஹாலுக்குப் போய்வந்த மறுநாள் சாயங்காலம் எனக்கு இது எதுவும் தெரியாது. நான் கூடத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனார்.

"நான் பொய் சொல்லலை. சத்தியமா போட்டேன். ஆறு படி. இன்னைக்கு ஒரிஜினலை எடுத்துத் தடவிப் பாத்தேன், அந்த இடம் லேசா சொரசொரன்னு இருக்கு. யாரோ சுரண்டிட்டாங்க."

அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நம்புறியா இல்லையா? கண்ணுக்குச் சுரண்டுன தடமே தெரியல. எவனோ நல்ல கைக்காரன்."

"சரிங்க. இருக்கட்டும். காப்பியக் குடிங்க" என்றாள் அம்மா. கோபமான குரல் இல்லை. நம்பிய குரலும் இல்லை.

எனக்கோ உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. எத்தனை தாள்களில் சுரண்டியிருக்கிறேன்! ஒருநாளும் அப்பா நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நான்தான், நான்தான் என்று தொண்டைவரை வந்ததை, பிளேடுக்குப் பயந்து விழுங்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு வாரத்துக்கும் மேலாகப் பக்கமே போகாத அந்தச் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் தண்ணீருக்குள். அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நிம்மதி. பக்கத்தில் போய், சந்தோஷம் தாங்காமல், செம்பில் தண்ணீரை மொண்டு அவள் முழங்கால்மேல் ஊற்றினேன்.

"ஆத்துல இருக்க மாதிரி இருக்காம்மா?"

அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இருக்குட்டி" என்றாள். அவள் கன்னத்தில் வழிந்ததும் நான் ஊற்றிய தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டு, ஐஸ் வாங்கக் காசு கேட்டேன்.